தராசிலிருந்து தொடங்குங்கள்: படிவம் நான்கு இரசாயனத்துக்கு ஒரு வழி

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆனதும் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடத் தொடங்கிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர். தோட்டத்தை விட்டுப் பட்டண ஓரத்து மலிவு வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர். எல்லார் கையிலும் கீமியா, அதாவது இரசாயனப் புத்தகம் இருக்கும். கேள்வியும் ஒன்றுதான்: "சார், இதுல எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு அறிவியலைத் தமிழில் படித்தவர்கள் இவர்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே அறிவியல் மலாயில் வந்தது, சில பள்ளிகளில் ஆங்கிலத்தில் வந்தது. மூன்று ஆண்டு எப்படியோ ஓட்டியாயிற்று. படிவம் நான்கில் இரசாயனம் தனிப் பாடமாகப் பிரியும்போதுதான் பலருக்கு மூச்சு வாங்குகிறது. அவர்களுக்காகவும், பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பாடநூல்கள் பொதுவாக அணுவிலிருந்து தொடங்கும். நான் தராசிலிருந்து தொடங்குகிறவன். அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல் விட்டு எண்ணவும் முடியாது. கூட்டமாக நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து எண்ணிக்கையைப் பிடிக்கத்தான் முடியும். இந்தப் பாடத்தின் முதல் பாதி முழுக்க அந்த வேலைதான். ரப்பர்ப் பால் வெட்டி, அந்தப் பாலை நிறுத்த குடும்பங்களுக்கு அது அப்படியொன்றும் அந்நியமில்லை.

வேண்டியவை: ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு, ஒரு லிட்டர் குடிநீர்ப் போத்தல், கோடு போட்ட நோட்டு. தராசு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேக் செய்கிற அக்காவிடம் நிச்சயம் இருக்கும்.

முதல் படி: கிலோவும் லிட்டரும் வேறு

கடையில் சமையல் எண்ணெய் இரண்டு விதமாக விற்கிறது. போத்தலில் வருவது கிலோ கணக்கு. மானிய விலையில் வரும் பிளாஸ்டிக் பாக்கெட்டும் 1 கிலோ கணக்குத்தான். ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும் "ஒரு லிட்டர் எண்ணெய்" என்பார்கள். ஒரு பாக்கெட்டை வாங்கி, காய்ந்த ஒரு லிட்டர் போத்தலில் ஊற்றிப் பாருங்கள். போத்தல் நிரம்பிய பிறகும் பாக்கெட்டில் ஏறக்குறைய அரைக் கோப்பை எண்ணெய் மிச்சம் இருக்கும். 

செம்பனை எண்ணெயின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 0.91 கிராம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 1,100 மில்லிலிட்டர் அளவுக்கு இடம் வேண்டும். தண்ணீர் என்றால் 1 கிலோவும் 1 லிட்டரும் ஏறத்தாழச் சரியாக நிற்கும். எண்ணெய் ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்கும் இதே போத்தலில் பதில் இருக்கிறது.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். பொருண்மை: மலாயில் ஜிசிம், கிராமில் அளப்பது. கொள்ளளவு: இசி படு, மில்லிலிட்டரில் அளப்பது. அடர்த்தி: கெதும்பத்தான், முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது. எடை என்பது பூமி இழுக்கும் விசை, மலாயில் பெராட். தேர்வில் ஜிசிமும் பெராட்டும் ஒன்றல்ல. கடைத்தெருவில் ஒன்றுதான், அதனால் பேச்சில் நானும் எடை என்றே சொல்லிக்கொண்டு போவேன்.

இரண்டாம் படி: அம்மா சுமந்த பால்

என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கோடு காட்டுக்குள் போவார். வெயில் ஏறினால் மரம் பாலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடிகாலையில்தான் நன்றாக ஓடும். பசியாறி முடித்துத் திரும்பப் போய் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள்கம்பில் மாட்டி ஸ்டோருக்குத் தூக்கி வருவார். அங்கே தோட்டக் கணக்கரான கிராணி நிறுத்து எழுதுவார். 

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பால்தானே, வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் எடை கூடுமே? கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "அவரு பாலுக்கா காசு குடுக்கிறாரு, உள்ள இருக்கிற ரப்பருக்குடா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்தால் இரசாயனத்தின் பாதி முதல் இயல் வந்துவிடும். மரத்துப் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். 40 கிலோ பாலில் 35 விழுக்காடு உலர் ரப்பர் என்றால் 14 கிலோ. இதில் 5 லிட்டர் தண்ணீர் சேருங்கள். பால் 45 கிலோ ஆகும், ரப்பர் அதே 14 கிலோதான். விழுக்காடு மட்டும் 31 ஆக இறங்கும். 45-ஐ 31.1 விழுக்காட்டால் பெருக்கிப் பாருங்கள், மறுபடி 14. சுமை கூடியதுதான் மிச்சம்.

அந்த விழுக்காட்டை அளக்க ஸ்டோரில் மெட்ரோலாக் என்றொரு கருவி இருந்தது. கண்ணாடிக் குமிழும் மேலே மெலிந்த தண்டுமாக இருக்கும், தண்டில் கோடுகள் இருக்கும். அளவாகத் தண்ணீர் கலந்த பாலில் மிதக்க விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ரப்பர் நிறைந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர் கூடிய பாலில் மேலே எழும்பி நிற்கும். மாட்டுப் பாலில் இது தலைகீழ். மாட்டுப் பால் தண்ணீரைவிடக் கனம், தண்ணீர் கலந்தால் பால்மானி இறங்கும். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன, இரண்டுக்கும் பால் என்றுதான் பெயர், கருவி மட்டும் எதிரெதிராக ஓடுகிறது. காரணத்தைச் சொல்ல முடிகிறதா என்று பிள்ளைகளிடம் கேட்பேன். சொல்லிவிட்டால் அவர்களுக்கு அடர்த்தி புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கம் புரட்டுவேன்.

இதே இடத்தில் கலவை, சேர்மம் என்ற இரண்டையும் பிரித்து வையுங்கள். பால் ஒரு கலவை, மலாயில் சம்புரான். தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். தண்ணீர் ஒரு சேர்மம், செபாத்தியான். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும்: 18 கிராம் தண்ணீரில் 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். ஈப்போ தண்ணீரானாலும் பேராக் ஆற்றுத் தண்ணீரானாலும், வடித்துத் தூய்மையாக்கினால் அதே கணக்குத்தான். இப்படி விகிதம் மாறாமல் வருவதைப் பார்த்துத்தான், பொருளெல்லாம் பிரிக்க முடியாத சிறு துகள்களால் ஆனவை என்று ஜான் டால்டன் தம் நூலில் 1808-ல் வாதிட்டார். அவர் எந்த அணுவையும் பார்க்கவில்லை. நிறுவைக் கணக்கைத்தான் பார்த்தார்.

அளக்கும்போது செய்யும் தவறுகள்

இதைத் தனிப் படியாக எண்ண வேண்டாம், எல்லாப் படியிலும் கூடவே வரும்.

சிரிஞ்சிலோ அளவுக் குழாயிலோ தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு நடுவில் குழிந்து ஓரத்தில் ஏறி நிற்கும். அந்தக் குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் ஓர் அளவு, மேசையில் தாடையை வைத்துப் பார்த்தால் வேறு அளவு. செய்முறைத் தாளில் பிள்ளைகள் அதிகமாக மதிப்பெண் விடும் இடம் இது. 

இன்னொன்று பூச்சியப் பிழை. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு காலத்தில் தராசு வெறுமனே தொங்கும்போதே முள் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். பெயர் வேண்டாம், அந்தத் தராசும் இப்போது இல்லை. அதில் ஒரே வாளியைப் பத்துத் தடவை நிறுத்தாலும் பத்துத் தடவையும் ஒரே எண்தான் வரும். "பாருங்க, எத்தனை தடவை நிறுத்தாலும் மாறலையே" என்று கிராணி பெருமையாகச் சொல்வாராம். மாறவில்லைதான், ஆனால் பத்தும் தப்பு. மலாயில் இந்த இரண்டு தன்மைகளுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. திரும்பத் திரும்ப ஒன்றுபோல் வருவது கெபெர்சிசான். உண்மை மதிப்புக்கு நெருங்கி வருவது கெஜித்துவான். தமிழில் இரண்டையும் துல்லியம் என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். முன்னதை 'மாறாமை' என்றும் பின்னதை 'சரிமை' என்றும் நோட்டில் எழுதச் சொல்கிறேன். அகராதிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் தேர்வுக்கு உதவுகிறது.

மூன்றாம் படி: 20 காசு

இதை வீட்டில் செய்தே பார்க்க வேண்டும். வாசித்துவிட்டுத் தாண்டினால், ஆறாம் படியில் மோல் வரும்போது இங்கேயே திரும்பி வருவீர்கள்.

உண்டியலைக் கொட்டி 20 காசுகளைப் பொறுக்குங்கள். இரண்டு வகை இருக்கும். பழையது வெள்ளை நிறம், கொஞ்சம் பெரியது. 2012-ல் புழக்கத்துக்கு வந்த புதியது மஞ்சள் நிறம், சிறியது. புதிய காசு ஒன்றைத் தராசில் வையுங்கள். 4 கிராம் என்று காட்டும். உண்மையில் 4-தானா? உங்கள் தராசுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. இப்போது பத்துக் காசை ஒன்றாக வையுங்கள். என் தராசில் 42 காட்டியது. பத்தால் வகுத்தால் ஒன்று 4.2 கிராம். அதே மலிவுத் தராசுதான், ஒரு தசம இடம் கூடுதலாகச் சொல்லிவிட்டது. கூட்டமாக நிறுத்து வகுப்பது என்ற இந்தத் தந்திரத்தை மறக்காதீர்கள்.

அடுத்து, அக்காவிடமோ தம்பியிடமோ கொடுத்து, எண்ணாமல் ஒரு பையில் புதிய 20 காசுகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பையைத் திறக்காமல் நிறுங்கள், பையின் எடையைக் கழியுங்கள், 4.2-ஆல் வகுங்கள். 126 கிராம் வந்தால் உள்ளே 30 காசு. ஒரு காசின் எடை தெரிந்தால் பையைத் திறக்காமலே எண்ணிவிடலாம். இரசாயன ஆய்வுக்கூடத்தில் தராசு செய்யும் வேலை முழுவதும் இதுதான்.

இப்போது பழைய காசு. பத்து வைத்தால் சுமார் 57 கிராம், ஆக ஒன்று 5.7. கனம் வேறு, ஆனால் கடையில் இரண்டுக்கும் மதிப்பு அதே 20 காசு. கடைக்காரர் நிறுத்துப் பார்த்து வாங்குவதில்லை. தனிமங்களிலும் இப்படி உண்டு. குளோரின் அணுக்களில் ஒரு வகையின் நிறை எண் 35, இன்னொரு வகையின் நிறை எண் 37. வினையில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன, கனம் மட்டும் வேறு. இவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயர்.

30 புதிய காசும் 10 பழைய காசும் கலந்து நிறுங்கள். 182 கிராம் பக்கம் வரும். நாற்பதால் வகுத்தால் 4.55. அப்படி ஒரு காசு உண்டியலில் எங்கும் இல்லை, அது சராசரி. இயற்கையில் குளோரின் அணுக்கள் நான்கில் ஏறத்தாழ மூன்று 35, ஒன்று 37. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டி நான்கால் வகுத்தால் 35.5. தனிம அட்டவணையில் குளோரினுக்குக் கீழே இருக்கும் அந்த அரைக்குறை எண் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

நான்காம் படி: அணுவுக்குள்

இதை வேகமாகவே கடக்கலாம், பாடநூலே நன்றாகச் சொல்கிறது. 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். 1911-ல் ரதர்ஃபோர்டு அணுவுக்கு நடுவில் ஒரு கரு இருப்பதைச் சொன்னார். 1913-ல் நீல்ஸ் போர் எலெக்ட்ரான்களை வட்டங்களில் வைத்தார். நியூட்ரானைச் சாட்விக் 1932-ல்தான் பிடித்தார். பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொருவரும் முன்னவர் படத்தில் எதைத் திருத்தினார் என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள்.

அளவு பற்றி ஒன்று. பள்ளித் திடல் நூறு மீட்டர் நீளம் என்று வையுங்கள். அணு அந்தத் திடல் அளவு இருந்தால், கரு திடலின் நடுவில் கிடக்கும் ஒரு கடுகு. ஆனால் அணுவின் பொருண்மை கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் கடுகுக்குள்தான். எலெக்ட்ரான் புரோட்டானில் 1,836-ல் ஒரு பங்கு, நிறுவைக்கு அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கனம் கருவில், குணம் வெளியே சுற்றும் எலெக்ட்ரானில். 

ஒரு கட்டத்தைப் படித்துப் பழகுங்கள். சோடியம்: புரோட்டான் எண் 11, நியூக்ளியோன் எண் (கருவில் உள்ள புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 23. புரோட்டான் 11 என்றால் எலெக்ட்ரானும் 11. நியூட்ரான் 23-இல் 11 போக 12. எலெக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கில் உட்காரும். கடைசி அடுக்கில் தனியாக நிற்கும் அந்த ஒன்றைச் சோடியம் கொடுத்துவிடத் துடிக்கும். முதல் இருபது தனிமங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட்டால் போதும், ஒரு மாலை வேலை.

ஐந்தாம் படி: அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள்

118 தனிமங்கள், 7 வரிசை, 18 பத்தி. வரிசை மலாயில் காலா, நம் காலம் என்ற சொல்தான். பத்தி கும்புலான். மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் நிற்பவர்கள் ஒரே குடும்பம், குணம் ஒத்துப்போகும். வெளி அடுக்கில் எலெக்ட்ரான் எண்ணிக்கை சமமாக இருப்பதுதான் அந்த ஒற்றுமைக்குக் காரணம். 

மலாய் வழியில் படிப்பவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சோடியத்தின் குறியீடு ஏன் என்-ஏ என்று ஆங்கிலத்தில் படிப்பவர் குழம்புவார். மலாயில் அதன் பெயரே நாத்ரியம். பொட்டாசியம் காலியம், குறியீடு கே. இரும்பு ஃபெரும், செம்பு குப்ரும், காரீயம் பிளம்பும். லத்தீன் பெயர்களை மலாய்ப் பாடநூல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பதால் பெயரும் குறியீடும் கைகோத்து வருகின்றன. தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர், குறியீடு ஒன்று என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பாரமாகத் தோன்றும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஈயத்தில் மட்டும் கவனம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், மலாயில் தீமா, குறியீடு எஸ்-என், எண் 50. நம்மைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்தது இதைத்தான்; கம்பார் பக்கம் போனால் பாதையோரம் தெரியும் ஈயக்குட்டைகள் அந்தக் குழிகள்தாம். காரீயம் வேறு, பிளம்பும், எண் 82, நஞ்சு. நாம் இரண்டையும் ஈயம் என்றே பேசிவிடுவோம். ஒரு பிள்ளை தேர்வில் 'பாட்டி ரசச்சொம்பு பிளம்பும்' என்ற நினைப்பில் விடை எழுதிவிட்டு வந்து சொன்னாள். பாட்டி கேட்டால் என்ன ஆவார்!

அட்டவணையின் கதையில் எனக்குப் பிடித்த இடம் காலியிடம். 1869-ல் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63-தான். அணுநிறை வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தவர், குணம் பொருந்தாத இடத்தில் யாரையும் திணிக்காமல் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயரும் வைத்தார். ஏக என்பது நாம் ஏகாதசியில் சொல்லும் அதே ஏகம்தான், ஒன்று தள்ளி என்ற பொருளில். அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்றும் எழுதினார். 

1875-ல் பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் காலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார். முன்னே சொன்ன கே குறியீட்டுக் காலியம் அல்ல, இது ஜி-ஏ, எண் 31. பள்ளியில் கேலியம் என்று உச்சரித்தால் குழப்பம் இல்லை. அவர் அளந்த அடர்த்தி 4.7. ரஷ்யாவிலிருந்து மெண்டலீவ் சொன்னார்: உங்கள் அளவில் பிழை, சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள். அந்த உலோகத்தை அதுவரை கையால் தொடாத மனிதர் சொல்கிறார்! அளந்து பார்த்தார்கள். 5.9. நிறுவைதான் அட்டவணையை உண்டாக்கியது, இங்கே அட்டவணை நிறுவையைத் திருத்தியது. கேலியம் உருகுவது சுமார் 30 பாகை செல்சியசில். நம் ஊர் மதியத்தில் மேசையில் வைத்தால் அடுப்பில்லாமலே உருகிவிடும்.

சில இடங்களில் நிறை வரிசை இடறும். ஒன்றைப் பாருங்கள்: டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. கனமானது முன்னே நிற்கிறது. குணத்தை நம்பி மெண்டலீவ் அப்படியே வைத்தார். உண்மையான வரிசை புரோட்டான் எண்ணிக்கைதான் என்று மோஸ்லி 1913-ல் காட்டியதும் அந்த இடறல் தீர்ந்தது.

ஆறாம் படி: மோல்

இப்போதைய பாடநூலில் மோல் மூன்றாம் இயல், அட்டவணை நான்காம் இயல். நான் இடம் மாற்றி நடத்துகிறேன். பள்ளியில் ஆசிரியர் எந்த வரிசையில் போனாலும் அதைப் பின்பற்றுங்கள், வீட்டில் மட்டும் இப்படி.

முட்டையை நாம் பப்பான் கணக்கில் வாங்குகிறோம். ஒரு பப்பான் என்றால் 30. ஒரு பப்பான் கோழி முட்டையும் ஒரு பப்பான் காடை முட்டையும் எண்ணிக்கையில் சமம், தூக்கிப் பார்த்தால் சமமில்லை. மோல் என்பதும் பப்பான்தான், எண் மட்டும் பெரிது: 6.02 × 10²³. அவகாட்ரோ மாறிலி என்பது இதன் பெயர். 2019 முதல் இதை 6.02214076 × 10²³ என்று உலக அளவில் நிலையாக வரையறுத்துவிட்டார்கள். அட்டவணையில் உள்ள நிறையைக் கிராமாக மாற்றி நிறுத்தால் ஒரு மோல். கார்பன் 12 கிராம். இரும்பு 56 கிராம். சாப்பாட்டு உப்பு, சோடியம் 23-ம் குளோரின் 35.5-ம் சேர்ந்து, 58.5 கிராம். சீனி 342 கிராம், ஆக ஒரு கிலோ சீனி பாக்கெட் ஏறக்குறைய 3 மோல்.

சிரிஞ்சை எடுங்கள். 9 மில்லிலிட்டர் தண்ணீரை இரண்டு முறை கோப்பையில் விடுங்கள். 18 மில்லிலிட்டர், 18 கிராம், ஒரு மோல். கோப்பையின் அடியில் ஒரு மடக்கு. அதற்குள் 6.02 × 10²³ மூலக்கூறு. என் மாணவன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் குடித்துவிட்டான். "எத்தனை மோல் உள்ள போச்சு?" என்றேன். "ஒண்ணு சார்" என்றான். சரியான விடை.

கணக்கில் சிக்கினால் ஒரே வழிதான். கிராமை ஒரு மோலின் எடையால் வகுத்தால் மோல். மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்களின் எண்ணிக்கை. காசுப் பையை நினைத்துக்கொள்ளுங்கள், பையின் எடையை ஒரு காசின் எடையால் வகுத்தோமே, அதேதான். 

ஏழாம் படி: ஒரு மங்குப் பால்

முதலில் எச்சரிக்கை. ஸ்டோரில் பாலைக் கட்ட வைக்க ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். எறும்பிலிருந்து முதலில் வடித்ததால் லத்தீனில் எறும்புப் பெயர். மலாயில் சுக்கா கெத்தா என்பார்கள். சுக்கா என்றதும் சாப்பாட்டுக் காடி (வினிகர்) என்று நினைக்காதீர்கள், தோலையும் கண்ணையும் பொசுக்கும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம், சாப்பாட்டுக் காடி போதும். எந்த அமிலமானாலும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. துணி வெளுக்கும் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருநாளும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வெளியே வரும்.

சின்னத் தோட்டக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேட்டு, புதுப் பால் 100 கிராம் வாங்குங்கள். கேட்காமல் மங்கில் கை வைக்காதீர்கள், அது ஒருவருடைய கூலி. ஏன் 100 கிராம்? பத்துக் காசுக் கதைதான். 10 கிராம் எடுத்தால் உங்கள் தராசு 3 அல்லது 4 என்றுதான் காட்டும், 100 எடுத்தால் 35, 36 என்று சொல்லும். ரப்பர் பாலில் ஒவ்வாமை உள்ளவர்கள் விலகியிருங்கள். பழைய சட்டை போடுங்கள், கறை போகாது.

பழைய பிளாஸ்டிக் தட்டில் பாலை ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி காடி விட்டுக் கிண்டுங்கள். பால் தடித்து, தயிர்போல் ஆகி, பிறகு ஒரே கட்டியாகச் சுருளும். பாலில் உள்ள ரப்பர்த் துகள்களைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட புரதத் தோல் இருக்கிறது. சுமை ஒன்றாக இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலத்திலிருந்து வரும் நேர்மின் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையை அழிக்கிறது. தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதித் தோல் உடைந்து, உள்ளே இருக்கும் நீள நீளமான சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் 5 கார்பன், 8 ஹைட்ரஜன். 60-ம் 8-ம் 68. மங்கில் விட்ட பால் மறுநாள் தானாகவே கட்டிப்பால் ஆகிறதே, அது கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால். கட்டாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவது அந்த அமிலத்தை அடக்கத்தான். இது படிவம் ஐந்தில் வரும், இப்போதே பார்த்துவிட்டால் நல்லது.

கட்டியைப் போத்தலால் உருட்டித் தண்ணீரைப் பிழிந்து, தோசை மாதிரி மெலிதாக்கி, நிழலில் தொங்க விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒருநாள் நின்றுவிடும். அடுத்த நாளும் அதே எண் வந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். பள்ளியில் மக்னீசியத்தை எரித்து நிறுக்கும்போது "எடை மாறாமல் நிற்கும் வரை" என்று எழுதச் சொல்வது இதைத்தான். கடைசி எண்ணே உங்கள் பாலின் விழுக்காடு. 30-க்கும் 40-க்கும் நடுவில் வந்தால் அளவு சரி. 25 வந்தால் பால் கொடுத்தவரிடம் நேற்று மழையா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மிஞ்சிய பாலைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் போய்க் கட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் குழாயை அறுத்துத்தான் எடுத்தோம், உள்ளே இருந்தது குழாய் வடிவத்திலேயே ஒன்றரை அடி ரப்பர்.